மாமியார் வாசலில் ஒரு காயம்

பெல்மிருவுக்கு ஊரில் நல்ல பெயர்தான். வம்புதும்புக்குப் போகமாட்டான். திராட்சை ரசம் இரண்டு கோப்பை கூடுதலாக இறங்கினாலும் குரல் உயராது. ஆனால் மாமியார் பெர்பெத்துவா வீட்டில் மட்டும் அவனுக்கு வேறு பெயர்: கோடரி. "ஏ கோடரி, சூப்பு ஆறுது, உக்காரு." மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து வாய் நிறைய "மாப்ள, மாப்ள" என்றவள்தான். ஒரே ஒரு மத்தியானத்தில் எல்லாம் மாறிப்போயிற்று.

அவன் தக்கை மரம் உரிப்பவன்; புட்டிக்கு அடைப்பானாகும் பட்டை அது. அப்பனும் அதே தொழில். போர்ச்சுகலின் அந்தப் பக்கத்தில் ஆடு மேய்க்கலாம், பன்றி மேய்க்கலாம், இல்லையென்றால் கோடரியைத் தூக்கலாம். ஆடு அவனுக்கு ஆகாது, பன்றிக்கு அவன் ஆகமாட்டான். கோடரி மட்டும் சொன்னபடி கேட்டது. மரத்துக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஒரு பக்கம். எதிர்ப்பக்கத்தில் எப்போதும் ஜசிந்து நிற்பான்.

தக்கைப் பட்டைக்கு அடியில் ஈரமாய் இருக்கும் உள்தோலை அவர்கள் "அம்மா" என்பார்கள். காரணம் இருக்கிறது. கோடையின் தொடக்கத்தில் அங்கே செல்கள் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பிரிந்து புதிது புதிதாகப் பிறந்துகொண்டிருக்கும். பிறந்த செல் இளசு, சுவர் மெல்லிசு. அந்த இடத்தில்தான் பட்டை அழகாகக் கழன்று வரும். அம்மாவுக்கு அடிபடாமல் உரித்தால் அவள் மறுபடி பட்டை வளர்த்துக் கொடுப்பாள். உரித்த ஆண்டின் கடைசி எண்ணை மரத்தில் வெள்ளைச் சாயத்தால் எழுதிவிட்டுப் போவார்கள். ஒன்பது ஆண்டு கழியாமல் மறுபடி கோடரி படக்கூடாது.

பெர்பெத்துவாவுக்கு அவள் அப்பா விட்டுப்போனது ஒரு வீடும் வாசலில் ஒரு தக்கை மரமும். அந்த மரத்தை உரிக்கும் முறை வந்தபோது பெல்மிரு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான். கதவு அளவுக்கு ஒரே பலகையாக எடுத்துக் காட்டி மாமியார் வாயைப் பிளக்கவைக்க வேண்டும் என்ற ஆசை. பாதி வேலையில் கிழக்கேயிருந்து அனல்காற்று அடிக்க ஆரம்பித்தது. அந்தக் காற்றில் மரம் வேலையை நிறுத்திவிடும், பட்டை ஒட்டிக்கொள்ளும்.

"வேணாம்டா, கோடரி படுற சத்தமே சரியில்ல. விட்டுட்டு நாளைக்கு வரலாம்" என்றான் ஜசிந்து.

"நாளைக்கு நாம பண்ணைக்குப் போயாகணும். அத்தை பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. பிடி, இழு!"

இழுத்தார்கள். பலகை வந்தது. அதோடு அம்மாவும் பிய்த்துக்கொண்டு வந்தாள். ஒரு சாண் அகலத்துக்கு, முழங்கை நீளத்துக்கு, வெள்ளையாக மரக்கட்டை தெரிந்தது. கதவு அளவுப் பலகையைப் பெர்பெத்துவா ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"கொன்னுட்டியே" என்றாள். அவ்வளவுதான். பெல்மிரு அவசரமாக ஆண்டு எண்ணை எழுதினான். 3 கோணலாக விழுந்தது.

காயம் மூடவில்லை என்றால் எறும்பு புகும், பூஞ்சை புகும், உள்ளே பொந்தாகி ஒருநாள் மரம் சாயும். ஆகவே ஒவ்வொரு வசந்தத்திலும் பெல்மிரு கத்தியோடு போய்விடுவான். காயத்தின் ஓரத்தில் உதடு போல ஏதோ தடித்து வரும். உயிர் இருக்கிறதா என்று அதைச் சுரண்டிப் பார்ப்பான். ஈரம் தெரிந்தால் மனம் நிம்மதியாகும். அடுத்த வசந்தத்திலும் காயம் அப்படியே இருக்கும், நிம்மதி போய்விடும். மறுபடி சுரண்டுவான்.

மூன்றாம் ஆண்டு கோடையில் கோடரி துள்ளி அவன் கெண்டைக்காலைப் பதம் பார்த்தது. கட்டு மாற்ற வந்த நர்ஸ் ஒடெத், துணியைப் பிரித்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"யாரு இதக் கிள்ளினது?"

"ஆறுதான்னு பாத்தேன்."

"நல்லாப் பாத்தீங்க அண்ணே! இந்த ஓரத்துல இருக்கிற செல்லெல்லாம் பிரிஞ்சு பிரிஞ்சு, நடுவுக்கு நகந்து வந்து மூடப் பாக்குது. நீங்க அந்த ஓரத்தையே பிச்சு எறிஞ்சா அது பாவம் திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கணும். கொஞ்ச நாள் கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாதா?"

பெல்மிருவுக்குச் சுருக்கென்றது. "மரத்துக்கும் அப்படித்தானா?"

"உயிருள்ளது எதுக்கும் புதுத்தோலு ஓரத்துலேருந்துதான் வரணும். காலை நீட்டுங்க."

அன்றோடு கத்தியை மரத்தில் வைப்பதை விட்டான். வைக்காமல் இருப்பது சுலபம் இல்லை. மரத்தைப் பார்த்தால் கை பரபரக்கும் என்று மாமியார் வீட்டுக்கே கொல்லைப்பக்கமாய்ச் சுற்றிப் போக ஆரம்பித்தான். பெர்பெத்துவா விடுவாளா?

"கோடரிக்கு இப்ப வாசல்ல நுழையக்கூட வெக்கமாம். காயம் பண்ணத் தெரிஞ்சவனுக்கு எட்டிப் பாக்கத் தெரியல."

"ஏன் வாசல் பக்கம் வரலன்னு எங்கம்மாகிட்ட சொல்லுங்களேன்" என்று மனைவி எர்மெலிந்தா கெஞ்சினாள்.

"மூடாமப் போச்சுன்னா? சொல்லிட்டு அசிங்கப்படவா?" என்றான் பெல்மிரு. அவன் கால் ஆறித் தழும்பாகிவிட்டது. அதற்கும் மாமியாரிடம் ஒரு குத்தல் கிடைத்தது: "உன் தோலு வந்துடுச்சு. என் மரத்துக்கு?"

மறுபடி உரிக்கும் ஆண்டும் வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய கோணல் 3 இப்போது பட்டை பருத்ததில் வெடித்து விரிந்திருந்தது. பெல்மிரு ஜசிந்துவோடு வாசல் பக்கமாகவே வந்தான். கண்ணை மூடிக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"டேய், பாருடா" என்றான் ஜசிந்து.

இரண்டு உதடுகளும் நடுவில் வந்து சேர்ந்திருந்தன. மேலிருந்து கீழாகத் தையல் போட்டதுபோல ஒரு தடித்த கோடு, அவ்வளவுதான். மரக்கட்டை எங்கும் தெரியவில்லை. பெல்மிரு உள்ளங்கையை அதன்மேல் வைத்தான். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னான்.

பிறகுதான் கவனித்தான். கோட்டின் அடியில், அவன் இடுப்பு உயரத்தில், கட்டைவிரல் நுழையுமளவு ஒரு ஓட்டை மட்டும் மூடாமல் இருந்தது. ஓரமெல்லாம் சின்னச் சின்னக் கீறல். புதுக் கீறல்.

ஆடு கடித்ததா? ஆட்டுக்கு இப்படிக் கீறத் தெரியாது. நிமிர்ந்தான். கதவருகே குள்ளமாய் நின்றிருந்த பெர்பெத்துவா, ரொட்டி அறுக்கும் சிறு கத்தியை மெதுவாக மேலங்கிக்குள் மறைத்தாள்.

"அத்தை... நீங்களா?"

"பின்ன? நீ எட்டிக்கூடப் பாக்கல. உயிரோட இருக்கான்னு யாராவது பாக்க வேணாமா?" குரலில் வழக்கமான காரம் இல்லை. "வருஷா வருஷம் ஈரம் இருந்துச்சு. ஏன் இந்த இடம் மட்டும் மூடலன்னுதான் புரியல."

ஜசிந்து சிரிப்பை அடக்க மரத்துக்குப் பின்னால் போய்விட்டான். பெல்மிரு சிரிக்கவில்லை. மூன்று வசந்தம் தானும் அப்படித்தான் நின்றான் என்று அவளிடம் சொன்னான். ஒடெத் சொன்னதையும் சொன்னான். கொல்லைவழியாக வந்த காரணத்தையும் சொல்லிவிட்டான். கிழவி மரத்தருகே போய் ஓட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

அன்று காற்று இல்லை. பட்டை கோடரி தொட்டதும் விட்டுக்கொடுத்தது. தழும்பை மட்டும் தொடாமல் சுற்றிலும் சின்னச் சின்னப் பலகையாகவே எடுத்தான். 2 என்று நேராக எழுதினான்.

எழுதி முடித்துத் தூரிகையைத் துடைத்தபோது, பெர்பெத்துவா வந்து அந்தச் சிறு கத்தியை அவன் கையில் வைத்தாள்.

"இத நீயே எடுத்துட்டுப் போயிடு. இங்க இருந்தா என் கை சும்மா இருக்காது." திரும்பி இரண்டடி நடந்தவள் நின்றாள். "சூப்பு ஆறுது, மாப்ள. வாசல் வழியா வா."