அமாவாசையில் பிறந்த பிள்ளை

போன வாரம் வந்த கோபம் இன்னும் தணியவில்லை. தணிவதற்குள் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் எனக்கு அடுத்த வீட்டுக்காரன் கோவிந்தன். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான். அவன் மனைவி பவளத்துக்குத் தலைப்பிள்ளை பிறந்தது அமாவாசையன்று. சில நாளில் மூட்டையொன்று சரிந்து கோவிந்தனின் தோளில் விழுந்தது. இது போதாதா? பாசார் சந்தைப் பக்கம் கடை போட்டிருக்கும் சோதிடரிடம் ஓடியிருக்கிறான்.

இருட்டு நாளில் பிறந்த பிள்ளை, தகப்பன் உயிருக்கு ஆகாது என்றாராம் அவர். கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில், பிள்ளையில்லாத தம்பதி இருக்கிறார்களாம். அவர்களுக்குக் கொடுத்துவிட்டால் தோஷம் கழியுமாம். நடுவில் இருக்கும் கடல் தண்ணீரில் கரைந்துவிடும் போல!

பவளம் வேலியோரம் நின்று இதைச் சொல்லி அழுதாள். நான் நேரே சோதிடரிடம் போனேன். கத்தவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன் – அமாவாசை என்றால் என்ன?

"சூரியனும் சந்திரனும் ஒரே பக்கமா சேர்ந்து நிக்கிற நாளு."

"அதிலே பிள்ளை எங்கே வருது?"

அவர் வெற்றிலையை மடித்தார். "சனங்க பயந்துபோய் வந்து கேக்குறாங்க. நான் என்னலா செய்ய?"

தெரியாமல் சொல்பவரை மன்னிக்கலாம். இவருக்குத் தெரிந்திருக்கிறதே! வானத்தில் எது எங்கே நிற்கிறது என்று கணக்கு வைத்திருப்பவர், ஒரு தாயின் மடியைக் காலி செய்யச் சொல்கிறார்... இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அன்று சாயங்காலமே கோவிந்தன் வீட்டுக்குப் போனேன். ஜன்னலைச் சாத்தி, மண்ணெண்ணெய் விளக்கை மேசை மேல் வைத்தேன். அதுதான் சூரியன். கையில் ஓர் ஆரஞ்சுப் பழம் – அது நிலா. அதைப் பார்க்கிற நாம்தான் பூமி.

பழத்தை விளக்குக்கு நேரே நீட்டிக் கோவிந்தனை என் தோளோரம் வந்து பார்க்கச் சொன்னேன். வெளிச்சம் முழுக்க விளக்குப் பக்கம் விழுந்தது. நம் பக்கம் இருட்டு. அதுதான் அமாவாசை. பழத்தைப் பிடித்தபடியே அவனோடு சேர்ந்து மெல்லத் திரும்பினேன். ஓரத்தில் ஒரு கீற்று தெரிந்தது – பிறை. இன்னும் திரும்ப, பாதி. விளக்குக்கு முதுகு காட்டிப் பழத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்ததும் முழு வட்டமும் பளிச்சென்று தெரிந்தது. நிலா நம்மைச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். அது தேய்வதும் இல்லை, வளர்வதும் இல்லை.

கோவிந்தன் தோளைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தான். "எல்லாம் சரிதாண்ணே. எனக்கு ஒண்ணு ஆயிட்டா இவளை யாரு பாத்துக்குவா?"

அவனுடைய பயத்துக்கு விளக்கு ஏது?

பவளம் எழுந்து வந்து பழத்தை வாங்கினாள். விளக்குக்கு முன்னால் பிடித்து, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அப்ப, இவன் பொறந்த அன்னிக்கும் நிலாவுல வெளிச்சம் இருந்திருக்கு. நமக்குத்தான் தெரியலை. அப்படித்தானேண்ணே?"

ஆமாம் என்றேன்.

அவள் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். "நான் கொடுக்க மாட்டேன். மூட்டை விழுந்துச்சுன்னா, அடுக்கினவனைப் போய்க் கேளுங்க."

மூன்றாம் நாள் மாலை, கோவிந்தன் அடிபடாத தோளில் பிள்ளையைச் சாய்த்துக்கொண்டு வாசலில் உலாவினான். பட்டர்வொர்த்துக்கு ஆள் போகவில்லை.

அந்த மட்டில் நல்லது. ஆனால் சோதிடர்? நேற்று அவர் கடையைத் தாண்டிப் போனபோது, கைக்குழந்தையோடு ஒரு பெண் அவர் எதிரே உட்கார்ந்திருந்தாள். நானும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சோதிடர் என்னைப் பார்த்தார். திறந்திருந்த பஞ்சாங்கத்தை மூடி வைத்தார்.

இனி மாலை நேரத்தில் என்னைத் தேடுகிறவர்கள், தயவுசெய்து அங்கேயே வந்துவிடுங்கள்.