வெயிலை வீணாக்கும் ஊர்

என் மகள் ஸ்பெயினுக்குக் கூப்பிட்டபோது ஊர் சுற்றிப் பார்க்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். ஜொகூரில், பண்டார் தெங்காராவில் எங்கள் வீட்டு வரிசையில் இருப்பவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அறுபத்தெட்டு வயதில் விமானம் ஏறப் போகிறவளை வழியனுப்ப ஏழெட்டுப் பேர் வந்து, கடைசி முறையாகப் பார்ப்பதைப் போலப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

போய் இறங்கிய மறுநாள், பசியாறும்போது மேசைமேல் ஒரு விண்ணப்பப் பாரத்தை வைத்தாள். அங்கே விமானத்துக்குப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. ஏழு வருடமாக அங்கேதான் தனியாக இருக்கிறாள்.

"என்னா இது?"

"நீ இங்கேயே என்னோட இருந்துடறதுக்கு. கையெழுத்து போட்டா போதும், மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"இப்பவேவா பாப்பா?"

"இப்ப வேணாம்லா. ஊரச் சுத்திப் பாரு. ஞாயித்துக்கிழம பிளேன் ஏறுறதுக்குள்ள சொல்லு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இது சுற்றுலா இல்லை, பெண் பார்க்கும் படலம். செவில் என்ற அந்த ஊர்தான் பெண். மாப்பிள்ளை வீட்டார் நான் ஒருத்தி. பெண்ணுக்கு வயது ஆயிரத்துக்கு மேலே. அதைக் குறையாகச் சொல்ல முடியாது, அழகு குறையவில்லை. ஒரே ஒரு குறை, பெண்ணுக்குக் காய்ச்சல். நாற்பத்திரண்டு டிகிரி.

"நீ ஜொகூர்காரிதானே, ஒனக்கு வெயிலு பழக்கம்தானே" என்றாள் மகள். பழக்கம்தான். ஜொகூர் வெயில் ஆளை இட்லி மாதிரி அவிக்கும். இது அப்பளம் மாதிரி சுட்டது. வேர்வைகூட வரவில்லை, வருவதற்குள் காய்ந்துவிட்டது. செம்பனைத் தோட்டத்தில் இருபத்தாறு வருடம் பழம் பொறுக்கியவள் நான். பதினொரு மணிக்கு மேல் வெயிலில் நிற்பவனை வேலை வாங்கும் மண்டோர்கூட மனுஷனாக மதிக்க மாட்டார். ஆனால் இங்கே பதினொரு மணிக்குத்தான் கிளம்பினோம். என் மகள் பட்டதாரி.

முதலில் பெரிய தேவாலயத்துக் கோபுரம். படியே இல்லை, உச்சிவரைக்கும் சரிவாகவே போகிறது. ஒரு காலத்தில் குதிரைமேல் உட்கார்ந்தே மேலே போவார்களாம். மகள் அதைப் பெருமையாகச் சொன்னாள். எனக்கு அந்தக் குதிரையின் நினைப்புதான். அதையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், வரியா என்று. உச்சியில் காற்று வரும் என்றாள். வந்தது. அடுப்பு ஊதுகிற காற்று.

"பிடிச்சிருக்காம்மா?"

"நல்லாருக்கு."

நான் வேறு என்ன சொல்வேன். நாலு பேர் முன்னால் வாய் திறப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. இறங்க வேண்டிய இடம் வந்தும் பஸ்ஸில் மணியடிக்க வெட்கப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் யாரோ அடிக்க, இறங்கித் திரும்பி நடந்து வந்தவள் நான். ஒருமுறை இல்லை, பல முறை.

இரண்டாம் நாள் அரண்மனை. உள்ளே போக ஒன்றரை மணி நேரம் வரிசை. குடையை விரித்தேன்.

"அம்மா, மடக்கும்மா. எல்லாரும் பாக்கறாங்க."

"மழைக்கு மட்டுந்தான் குடையா?"

"இங்க யாரும் வெயிலுக்குப் பிடிக்க மாட்டாங்க."

ஆமாம், பிடிக்க மாட்டார்கள். முன்னால் நின்ற வெள்ளைக்காரப் பெண்மணி தோளெல்லாம் உரிந்து, வேகவைத்த இறால் நிறத்தில் இருந்தாள். நாகரிகம். நான் குடையை மடக்கினேன். கால் மணி நேரம் கழித்து மகளே என் கையிலிருந்து அதை வாங்கி விரித்து, எனக்குப் பாதியும் அவளுக்குப் பாதியுமாகப் பிடித்துக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. என்னைச் சும்மா சொல்லக்கூடாது, சொல்லாமல் இருப்பதில் நான் கெட்டிக்காரி.

அரண்மனைக்குள் நல்ல குளம், நல்ல பூவேலை, நல்ல சுவர். சுவரில் சாய்ந்தேன், குளுகுளுவென்று இருந்தது. மூன்று மணி நேரத்தில் நான் மனதாரப் பார்த்தது அந்தச் சுவரைத்தான்.

"பிடிச்சிருக்காம்மா?"

"நல்லாருக்கு பாப்பா."

வெளியே வந்தால் ஊரில் ஒரு ஈ காக்காய் இல்லை. கடையெல்லாம் சாத்திக்கிடந்தது. வீட்டு ஜன்னலெல்லாம் பலகை இறக்கியிருந்தார்கள். மத்தியானம் தூங்குகிறார்களாம். அந்த ஊர்க்காரர்கள்மேல் எனக்கு அன்றைக்குத்தான் மரியாதை வந்தது. தெருவில் நடந்தது நானும் என் மகளும், ஒரு நாயும்தான். நாயும் நிழல் கண்ட இடத்தில் நின்றுவிட்டது.

அப்போதுதான் எனக்கு வயிறு எரிந்தது. இவ்வளவு வெயில்! பண்டார் தெங்காராவில் மோர்மிளகாய் காயப்போட்டால், மூன்று மணிக்கு மேகம் கறுக்கும். வாரி எடுத்துக்கொண்டு உள்ளே ஓட வேண்டும். நாலு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். ஒரு ஈடு ஒழுங்காகக் காய்ந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இங்கே மேகம் என்ற பொருளே கிடையாது. வானத்திலிருந்து கொட்டுகிறது, இவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்கள்.

மறுநாள் காலை மகளோடு பாசாருக்குப் போய்ப் பச்சைமிளகாய் வாங்கினேன். காரம் பேருக்குத்தான். மிளகாய்க்கு வர வேண்டிய காரத்தையும் வெயிலே எடுத்துக்கொண்டது போலும். கீறி, உப்பும் தயிரும் போட்டு ஊறவைத்து, அவள் வீட்டு மாடிமுகப்பில் பரப்பினேன். விரிப்பதற்குத் தட்டு போதவில்லை.

"அலமாக்! அம்மா, கீழ் வீட்டுக்காரங்க பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"தூங்கறாங்க, பாக்க மாட்டாங்க."

இரண்டே நாள். கையில் எடுத்தால் சலசலவென்று சத்தம். தங்கக் காசுகூட அப்படிச் சத்தம் போடாது. அந்த ஊரில் எனக்கு உண்மையாகவே பிடித்துப்போனது அதுதான். ஆனால் அது மகள் காட்டியதில் சேராது.

சனிக்கிழமை சாயங்காலம் ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனாள். எட்டு மணி ஆகியும் வெயில் இறங்கவில்லை. ஒரு கல் பலகையில் உட்கார்ந்தோம். ஆளுக்கொரு ஐஸ்கிரீம் வாங்கி வந்தாள்.

"சரி, சொல்லு. கையெழுத்து போடறியா?"

நான் ஆற்றைப் பார்த்தேன். வாயில் தானாக வந்தது.

"ஊருக்குப் போயி சொல்லியனுப்பறேன் பாப்பா."

அவள் ஐஸ்கிரீமை இறக்கிவிட்டாள்.

"நீயுமாம்மா?"

"என்னாடி?"

"என்னப் பொண்ணு பாக்க ஆறு வீட்டுக்காரங்க வந்தாங்க. ஆறு பேரும் கேசரிய சாப்ட்டுட்டு, வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டே இதத்தான் சொன்னாங்க. வீட்டுக்குப் போயி சொல்லியனுப்பறோம். ஒருத்தராச்சும் அனுப்புனாங்களா? பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லக்கூடாதா?"

எனக்கு ஆறு வீட்டுக்காரர்களும் ஞாபகம் வந்தார்கள். தட்டை ஏந்திக்கொண்டு அவள் வருவாள். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிற்பேன். என் பிள்ளைக்கு என்ன குறை என்று ஒரு தடவை வெளியே வந்து கேட்டிருக்கலாம். வெட்கம். அப்புறம் அவள் மேற்படிப்பு என்று போனவள்தான், ஸ்பெயினில் வந்து நின்றாள். இப்போது அதே வார்த்தையை, அதே மாதிரி சிரித்துக்கொண்டே, பெற்றவள் நானே சொல்லியிருக்கிறேன்.

பக்கத்துப் பலகையில் ஆட்கள் இருந்தார்கள். எங்கள் பேச்சு அவர்களுக்குப் புரியாது, இருந்தாலும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். பஸ் மணியை அடிக்கிற மாதிரி அடித்தே விட்டேன்.

"முடியாது பாப்பா. நான் இங்க வந்து இருக்க மாட்டேன்."

அவள் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அங்க நான் பேசாம இருந்தா அது என் கொணம். எல்லாருக்கும் தெரியும். இங்க பேசாம இருந்தா நான் ஊமை. நீ காலையில வேலைக்குப் போயிட்டா, சாயங்காலம் வரைக்கும் சுவரப் பாத்துக்கிட்டு இருப்பேன். நல்ல சுவருதான். ஆனா வேணாம்."

நான் அவ்வளவு நீளமாகப் பேசி அவளும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. ஐஸ்கிரீம் உருகி அவள் மணிக்கட்டுவரை ஒழுகியது. துடைக்காமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கை உறிஞ்சினாள். நான் முந்தானையால் அவள் கையைத் துடைத்துவிட்டேன்.

"ஊரு பிடிக்கலையா?" என்றாள் கடைசியில்.

"ஊரு கெடக்கு. வெயிலு நல்ல வெயிலு. சும்மா போவுது. வருஷா வருஷம் இதே மாசம் வரேன். நாலு கிலோ மொளகா வாங்கி வையி. தட்டு பத்தல, பெரிய தட்டா பாரு."

"நாப்பத்திரண்டு டிகிரிக்கா வருவே?"

"அதுக்குத்தான்லா வரேன். கோபுரத்துக்கெல்லாம் கூட்டிப் போவாத."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் முழுதாக நிற்கவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தால் அவள் சின்ன வயதிலிருந்தே விக்குவாள். விக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் பெட்டி கட்டும்போது மோர்மிளகாயை அவளே அள்ளி வந்தாள். பாதியைப் பாட்டிலில் போட்டு அலமாரியில் வைத்துக்கொண்டாள். எனக்கான பாதியை, மேசைமேல் ஒரு வாரமாகக் கிடந்த பாரத்தில் வைத்துப் பொட்டலம் கட்டினாள்.

பொட்டலம் இன்னும் முடியவில்லை. மூன்று மணிக்கு மழை வருகிற நாட்களில், வாரி எடுக்க ஒன்றும் இல்லாததால் நிம்மதியாக உட்கார்ந்து, நாலு மிளகாயை எண்ணெயில் போட்டுப் பொரிக்கிறேன். நான் கையெழுத்துப் போட வேண்டிய கோட்டின்மேல் தயிர்க்கறை படிந்திருக்கிறது.