தாச்சியடியில் மெலிந்த ரியூப்

வடை பொரிக்கிற எண்ணெய்த் தாச்சிக்கு முன்னால் நிற்கிறவளின் கையில் வளையல் இல்லாவிட்டாலும் தழும்பு இருக்கும். அடுப்படியில் வேகிற உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. அரியாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மா குழைக்கிறவள் நான்.

புதுச் சட்னி

முதலாளி அம்மா ஒருநாள் பாமசியிலிருந்து ஒரு ரியூப் கொண்டுவந்தா. சுட்ட இடத்தைக் குளிரப்பண்ணும் ஜெல்லாம். "முதல் இருபது நிமிஷம் பைப் தண்ணியிலை பிடியுங்கோ. பிறகு பூசுங்கோ. பற்பசை, மா ஒண்டும் அப்பக்கூடாது" என்றா.

இதுவரை எங்களுக்குக் கைபிடித் துணிகூட வாங்கித் தராத மனுஷி திடீரென்று மருந்து வாங்கினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? திகதி முடிந்ததோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தட்டில் கொஞ்சம் பிதுக்கி மணந்தும் பார்த்தேன். வடை வாங்க வந்த ஓட்டோக்கார அண்ணை எட்டிப் பார்த்தார்.

"உதென்ன தங்கச்சி, புதுச் சட்னியோ? எனக்கும் கொஞ்சம் விடுங்கோ."

சைலன்சர் கால்

மோட்டார் சைக்கிளில் வந்த வங்கிக்காரத் தம்பி கடை வாசலில் சைலன்சரில் காலைச் சுட்டுக்கொண்டார். ஒருவர் தேங்காயெண்ணெய் என்றார், இன்னொருவர் பற்பசை என்றார். நான் அவரை இழுத்துப்போய்ப் பைப்புக்குக் கீழே காலை வைக்கச் சொல்லி, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நடுவில் காலை எடுக்கப் பார்த்தார், விடவில்லை. பிறகுதான் ஜெல் பூசினேன். எரிவு குறைந்தது என்றார். மரியாதைக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன்.

"அன்ரி, நான் ரோல்ஸ் வாங்க வந்தனான். நீங்கள் குளிக்க வார்த்துப்போட்டியள்."

மினுங்கும் முகம்

அதன்பிறகு ஒருவருக்கும் சுட்டதாகத் தெரியவில்லை. ஆனால் ரியூப் மெலிந்துகொண்டே வந்தது. தாச்சியடியில் நிற்பவள் வசந்தி. அவள் முகம் வேறு மினுங்கியது. முகத்துக்குத்தான் பூசுகிறாள் என்று முடிவுகட்டி, ரியூப்பைச் சீனிப் போத்தலுக்குப் பின்னால் ஒளித்தேன். அங்கேயும் மெலிந்தது. கேட்டேவிட்டேன்.

"எனக்கென்ன தெரியும் அக்கா? வெக்கைக்கு உருகிப் போயிருக்கும்."

நீளக் கை

அந்த வெக்கையிலும் வசந்தி நீளக் கைச் சட்டை போட்டு வந்தாள். கையைப் பிடித்தேன், துடித்துப்போனாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கொப்புளம். முகத்தில் மினுங்கியது தாச்சியடி வேர்வைதான். தண்ணீரில் பிடிக்காமல், யாரும் பார்க்குமுன் ஜெல்லை அப்பிச் சட்டையால் மூடியிருக்கிறாள். எங்கள் கடையில் தாச்சியடிக்காரிக்குத்தான் பின்னேரம்வரை வேலை, அதற்கேற்ற கூடின சம்பளம். மற்றவர்கள் மத்தியானத்தோடு வீட்டுக்கு. காயம் தெரிந்தால் இடம் போய்விடும் என்ற பயம்.

ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். இவ்வளவு பெரிய காயத்துக்கு ஜெல் போதாது, சுட்ட அன்றைக்கே வந்திருக்கவேண்டும் என்று நேர்ஸ் அம்மா இருவரையும் சேர்த்து ஏசினா. கை ஆறும்வரை நான் தாச்சியடியில் நிற்கிறேன், பிறகு இடம் அவளுக்கே என்று முதலாளி அம்மாவிடம் கதைத்து முடித்துவிட்டு வந்து வசந்திக்குச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"ஓம் அக்கா, சரி. ஆனா இடத்தை நீங்களே பிடிச்சு வைச்சிடாதேங்கோ."

கட்டுப்போட்ட கையோடு அவள் என்னைப் பார்க்க, நான் ரியூப்பைப் பார்க்க, முதலாளி அம்மா எங்கள் இருவரையும் பார்க்க, எண்ணெயைப் பார்க்கத்தான் இப்போது ஆளில்லை.