மூத்தவன் முகம்

எண்பதுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கான பிளாஸ்டிக் சர்ஜரி பயிற்சியில் இருந்தேன். சொந்தக்காரர்களுக்கு அந்தப் பேரைக் கேட்டாலே குஷி. சினிமாக்காரிகள் வருவார்களா, மூக்கைக் கூராக்குவாயா என்று பிடுங்கி எடுப்பார்கள். எங்களிடம் வந்ததெல்லாம் கொதிநீர் கொட்டி ஒட்டிப்போன பிஞ்சு விரல்களும் பிளந்த உதடுகளும்தான். விளக்கிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் ஆமாம், தினம் நாலு நடிகைகள் என்று சொல்லிவிடுவேன்.

முதல் வருடம் முழுக்க நூல் வெட்டினேன், காயத்தை விலக்கிக் கொக்கி பிடித்தேன். அடுத்த வருடம்தான் தலைமை மருத்துவர் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டு ஓர் உதட்டை முழுதாக என்னிடம் விட்டார். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பையன். மூன்று வயதை நெருங்கிக்கொண்டிருந்தான். மேலுதடு இடது பக்கம் மூக்குவரை பிளந்திருந்தது. கைக்குழந்தையிலேயே தைத்திருக்க வேண்டியது. தாய் கொண்டுவரவே இல்லை. தோட்டத்து மருந்தகத்து டிரெஸ்ஸர் சத்தம் போட்டு அனுப்பிவைத்திருந்தார். மேலுதடும் கீழுதடும் ஒட்டாததால் பையனுக்கு 'ம' வராது. தாயை 'அங்ஙா' என்றுதான் கூப்பிடுவான்.

இந்த வேலையில் கற்பனைக்கு இடமில்லை. நல்ல பக்கத்தை அளந்து, பிளந்த பக்கத்தை அதற்கு ஜோடியாக்க வேண்டும். தையல் பிரித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு அழகாக வந்திருந்தது. உதட்டின் இடது மேடு மட்டும் ஒரு நூலளவு மேலே ஏறியிருந்தது. அது என் கைப்பிழை. தலைமை மருத்துவர்கூடக் கவனிக்கவில்லை, நானும் மூச்சுவிடவில்லை.

தாய் கட்டிலிலிருந்து தள்ளி நின்று பார்த்தாள். பையன் உதடுகள் ஒட்ட, முதன்முதலாக, "அம்மா" என்றான். நர்ஸுகள் கைதட்டினார்கள். அவள் அவனுக்குப் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினாள்.

"இந்த மூஞ்சிய ஒங்களுக்கு யாரு காட்டுனது, டாக்டரம்மா?"

சந்தோஷத்தில் பேச்சு தடுமாறுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு அவர்கள் பரிசோதனைக்கு வரவில்லை. தழும்பு ஆறும்போது சுருங்கி உதட்டை இழுக்கும், பார்த்தே ஆகவேண்டும் என்றார் தலைமை மருத்துவர். என் அப்பா அப்போது அதே மலையில், கம்போங் ராஜாவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். விடுமுறைக்கு எப்படியும் மலைக்குப் போகிறவள்தானே என்று வேலை என் தலையில் விழுந்தது. அங்கிருந்து பக்கத்து ஊர் திரிங்காப்புக்கு முட்டைக்கோஸ் ஏற்றப் போன லோரியில் தொற்றிக்கொண்டு, தோட்டத்து முனையில் இறங்கி நடந்தேன்.

மத்தியானம்தான். ஆனால் பனி இறங்கி, தேயிலைச் செடிகள் வரிசை வரிசையாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. ஆட்கள் இன்னும் கொழுந்து நிறுக்கும் இடத்திலிருந்து திரும்பவில்லை. தொழிலாளர் லயத்து வீடுகளின் கதவுகள் சாத்திக் கிடந்தன. எங்கிருந்தோ ஒரு குழந்தை "அம்மா" என்று கூப்பிட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும். ஒருமுறை எனக்குப் பின்னால் கேட்டது, மறுமுறை மேலே செடிகளுக்குள் கேட்டது. ஒரு வீட்டிலிருந்தும் யாரும் ஏனென்று கேட்கவில்லை. நடையை எட்டிப் போட்டேன்.

கடைசி வீட்டில் மட்டும் அடுப்பு புகைந்தது. அவள் உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். பையன் கூப்பிடுகிறான் என்றேன். பேசாதீர்கள் என்பதுபோல் கையைக் காட்டினாள். அதற்குள் பனியிலிருந்து அவனே வந்து வாசலில் நின்றான். உதடு மூக்குவரை மறுபடியும் பிளந்திருந்தது.

ஓடிப்போய் முகத்தைப் பிடித்து, கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தேன். கண்மை. என் தையல் போன வழியிலேயே ஒரு கறுப்புக் கோடு, பனி ஈரத்தில் பாதி கரைந்திருந்தது. மிச்சத்தையும் துடைத்தேன். கீழே தழும்பு நன்றாகவே ஆறியிருந்தது. அவள் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தாள். ஆனால் கோடு போய்விட்டிருந்தது.

அப்போதுதான் அவள் சுவரைக் காட்டினாள். மாலை போட்ட ஒரு ஸ்டூடியோப் படம். இதே வயதுப் பையன், இதே முகம். உதட்டின் இடது மேடு ஒரு நூலளவு மேலே ஏறியிருந்தது.

"மூத்தவன். காய்ச்சல்ல போயிட்டான்," என்றாள். "இவன் வாய் மூளியா பொறந்தப்ப நான் அழுவல. அவன் வேற, இவன் வேறன்னு இருந்துச்சி. இப்ப மூஞ்சியும் அவனுது, கொரலும் அவனுது. கூப்புடறது யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்லா? செத்தவன் கூப்புட்டு நான் என்னான்னு கேட்டுட்டா, இருக்கறவன கூட்டிக்கிட்டுப் போயிருவான்."

அதனால் காலையில் எழுந்ததும் கோடு போடுவாளாம். கோடு இருந்தால் சின்னவன். விளையாட்டில் அழிந்துவிட்டால் மறுபடி போடும்வரை சோறு ஊட்டுவாள், குளிப்பாட்டுவாள், பதில் மட்டும் சொல்லமாட்டாள். இதை மருந்து வேளை சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

அண்ணன் தம்பி முகம் ஒன்றாகத்தான் இருக்கும், உதடு சேர்ந்தால் குரலும் சேரும் என்று நான் படித்ததையெல்லாம் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. அந்தப் படத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் இன்னும் தைரியமாகப் பேசியிருப்பேன். நல்ல பக்கத்தைப் பார்த்து அந்த மேடு வரவில்லை. அது என் கை தவறி வந்தது. இன்றுவரை அதற்கு என்னிடம் விளக்கம் கிடையாது.

அவள் அரிசிச் சட்டிக்குத் திரும்பினாள். பையன், கைக்கெட்டும் தூரத்தில் நின்று, "அம்மா" என்றான். அவள் குனிந்தபடியே இருந்தாள். இன்னொரு முறை கூப்பிட்டான். அவன் முகத்தில் அழுகையோ பிடிவாதமோ எதுவும் இல்லை. பழகிப்போயிருந்தது. பலகை மேல் ஏறி மை டப்பியை எடுத்தான். ஈரக்கையோடு இருந்த தாயிடம் போகாமல் என்னிடம் கொண்டுவந்து நீட்டினான். வாயை இறுக்கமாக மூடி, மோவாயைத் தூக்கிக் காட்டினான்.

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். ஆனால் நான் போனபிறகும் அந்தப் பிள்ளை அங்கேதான் நின்று கூப்பிட்டுக்கொண்டிருப்பான். சுண்டுவிரலில் மையைத் தொட்டு, மூக்குத் துவாரத்திலிருந்து உதட்டு விளிம்புவரை இழுத்தேன்.

அவன் ஓடிப்போய் அவள் சேலையைப் பிடித்து, "அம்மா" என்றான். அவள் திரும்பி முதலில் கோட்டைப் பார்த்தாள்.

"என்னாடா தங்கம்?"

அவனுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டான். மறுபடியும் என்னாடா என்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கும்போதும் அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.