பச்சைத் தண்ணீரும் நாலு மீனும்

விருத்தாசலத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரி. மனைவிக்குச் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருந்தார்கள். எதிரே செடி வைத்த மீன் தொட்டி. ஒரு பெண் மூடியைத் திறந்து கண்ணாடியில் படிந்த பாசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனை வந்தது. குளத்துப் படியில் கால் வைத்தால் வருமே, அது.

எனக்கு அதிகம் எழுத வராது. வாசனை இழுத்துவிட்டது.

கல்யாணமான புதிதில் இதே ஊர் பீங்கான் கம்பெனியில் வேலை. மின்சார பியூஸுக்கான பீங்கான் கட்டைகளைச் சூளையில் அடுக்குவேன். ஜங்ஷன் பக்கம் ஒற்றை அறை வாடகைக்கு. முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் தங்காமல் போனது. அதோடு அவள் பேச்சும் நின்றது. நானும் பேசத் தெரிந்தவன் இல்லை. ஒரு பழைய கண்ணாடித் தொட்டியும் நாலு சிவப்பு மீனும் வாங்கி வந்தேன். கம்பெனியில் கழித்துப்போட்ட கட்டைகளை அடியில் போட்டு, ஓட்டைகளில் செடியைச் செருகினேன். பளபளப்பு ஏறாத சொரசொரப்புக் கட்டைகள். பாசிக்கு அதுதான் நல்ல இடம் என்று பிறகுதான் தெரிந்தது.

சமைத்துவிட்டு அவள் அதன் முன்னால் உட்காருவாள். ஒரு நாள், "வாலு கிழிஞ்சது சரியா தின்ன மாட்டேங்குதுங்க" என்றாள். பல வாரம் கழித்து அவளாகச் சொன்னது அதுதான்.

பிறகு செடி மஞ்சளானது. நான் கருவேப்பிலங்குறிச்சிக்காரன். பயிர் மஞ்சளானால் யூரியா, எங்கள் வீட்டில் வேறு வைத்தியம் கிடையாது. இரண்டு சிட்டிகை போட்டேன். வெயிலும் படட்டும் என்று தொட்டியைச் சன்னலோரம் தள்ளினேன். சிரிக்காதீர்கள். ஒரு வாரத்தில் தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்ததுபோல ஆனது.

"மீனு இருக்குதா?" என்றாள்.

"இருக்குது" என்றேன். எனக்குத் தெரியாது. அவள் மறுபடி வாயை மூடிக்கொண்டாள்.

சூளையில் என்னோடு நின்ற ஆரோக்கியம் வீட்டில் மீன் வளர்ப்பவன். அவனிடம் சொன்னேன்.

"தொட்டிய வயலுன்னு நெனச்சிட்டியா மாமா? நெல்லு நட்டிருந்தா அறுத்திருக்கலாம்."

ஷெட்டே சிரித்தது. சிரித்து முடித்து வழி சொன்னான். பாதித் தண்ணீரை மாற்று. கட்டைகளைத் தேய். சன்னலை விட்டு நகர்த்து. மூன்று நாள் சாக்கு போட்டு மூடு, தீனி வேண்டாம். வெளிச்சம் இல்லாவிட்டால் பாசி தானே செத்துப்போகும் என்றான்.

மூன்று நாளும் அவள் சாக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் சூளையில் ஒரு வரிசையைத் தப்பாக அடுக்கித் திட்டு வாங்கினேன்.

நாலாம் நாள் காலை சாக்கை எடுத்தோம். தண்ணீர் தெளிந்திருந்தது. ஒரு மீன் செத்து மிதந்தது. இரண்டு செடிக்குள் நின்றன. இன்னொன்றைக் காணவில்லை. அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கட்டைக்குப் பின்னாலிருந்து மெதுவாக ஒன்று வந்தது.

"வாலு கிழிஞ்சது இருக்குதுங்க" என்று சொல்லி அழுதாள். குழந்தைக்கு அவள் அழவே இல்லை. அன்றைக்குத்தான் அழுதாள். நான் வெளியே போய் நின்றேன்.

அந்தக் கம்பெனி இன்று முள்காடு. ஆரோக்கியம் பிழைப்புக்குத் திருப்பூர் போனவன், தகவல் இல்லை. தொட்டி ஒரு தடவை வீடு மாறும்போது உடைந்தது. அவள் கண்ணில் இப்போது புரை.

பக்கத்தில் அவள் கை என் கையைத் தேடியது. சொட்டு மருந்தில் அவளுக்கு எல்லாம் மங்கல்.

"தொட்டி வாசன வருதே, மீனு இருக்குதா?"

"இருக்குது. ஏழு" என்றேன். இந்தத் தடவை எண்ணிவிட்டுச் சொன்னேன்.