எதிர்த் தொட்டி

இது நடந்தது. நம்பாதவர்கள் குடியாத்தம் போய் நெசவுக்கார நந்தகோபாலின் பெண்டாட்டி கமலவேணியையே கேட்டுக்கொள்ளலாம். அவளுக்குக் கதை கட்டத் தெரியாது, கோபப்படத்தான் தெரியும். அன்றைக்கும் கோபத்தில்தான் போனாள்.

1957. கெங்கையம்மன் திருவிழாவுக்காக ஆற்று மணலில் ராட்டினம் போட்டிருந்தார்கள். நாலு மரத் தொட்டி, கையால் தள்ளிச் சுற்றுவது. பாவாடை கட்டிய வயசில் கமலவேணிக்கு அதுதான் உயிர். உச்சிக்குப் போனால், நெசவுக்காகத் தெருத்தெருவாக நீட்டிக் கட்டிய பாவு நூல் சிவப்பும் பச்சையுமாகத் தெரியும். வயிறு கூசும். இறங்கியதும் இன்னொரு சுற்றுக்கு அடம் பிடிப்பாள். கல்யாணமாகி ஆறு வருஷம், ஒரு தடவை ஏறவில்லை. கேட்டபோதெல்லாம் "அடுத்த வருஷம்" என்றான் புருஷன். இந்த வருஷம் அதுவும் இல்லை.

"ரெண்டு புள்ள பெத்தவளுக்கு இன்னா ராட்டினம்? ஊரு சிரிக்கும். பேஜார் பண்ணாதே."

சொல்லிவிட்டுச் சேவல் சண்டை பார்க்கப் போய்விட்டான். அவனுக்கு மட்டும் சேவல் சண்டை வேணுமாம்! பிள்ளைகளை நாத்தனாரிடம் தள்ளிவிட்டுக் கமலவேணி விடுவிடுவென்று ஆற்றுக்கு நடந்தாள். ஒரு சுற்று. முழுசாக ஒரே ஒரு சுற்று. அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் வேண்டாம்.

பகல் இரண்டு மணி. மணல் கொதித்தது. ஈ காக்கை இல்லை. ராட்டினக்காரர் சர்தார் பாஷா பந்தல் நிழலில் படுத்திருந்தார்.

"ஒத்த ஆளுக்குச் சுத்தாதும்மா. எதிர்த் தொட்டியில எடை வேணும். இல்லாட்டி நீ மேல ஏற மாட்டே."

"மணல் மூட்ட வெச்சிச் சுத்து பாய். எனக்குத் தெரியாதா?"

முனகிக்கொண்டே அவர் பந்தலுக்குள் போனார். முதலில் மூட்டை, பிறகுதான் ஆள். அதுதான் முறை. அதுவரை பொறுக்க இவளால் ஆகுமா? கீழ்த் தொட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

கிறீச்...

தொட்டி அசைந்தது. கிறீச்... கிறீச்... மேலே ஏறியது. பாய் தள்ளுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தாள். சிரிப்புகூட வந்தது.

உச்சியில் நின்றது. அங்கிருந்து பார்த்தாள். பாய் அப்போதுதான் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு பந்தலைவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்.

ராட்டினத்துக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

கீழே எதிர்த் தொட்டி... காலி. ஆனால் யாரோ உட்கார்ந்து காலாட்டுவதுபோல லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

பாய் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். சட்டத்தைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை.

"பாய்! எறக்கு பாய்!"

"வரலியேம்மா... யா அல்லா..."

சத்தம் கேட்டு, சேவல் சண்டை நடந்த பக்கத்துத் தோப்பிலிருந்து நந்தகோபால் வந்துவிட்டான். பின்னால் பத்துப் பேர்.

"ஏய்! மானத்த வாங்கறியா? எறங்குடி!"

"எப்பிடி எறங்கறது? நீ வந்து எறக்கு!"

"எந்திரி! கட்டையப் புடிச்சினு எறங்கு!"

ஆறு வருஷக் காத்திருப்பு. இதிலும் பாதிச் சுற்றுதானா? அவளுக்கு அழுகை முட்டியது. சீ, என்ன பிழைப்பு!

எழுந்தாள். தொட்டி சாய்ந்தது.

அப்போது ஒரு குரல். பெண் குரல். அந்தக் காலித் தொட்டியிலிருந்து...

"எந்திரிக்காதே... உக்காரு."

உட்கார்ந்துவிட்டாள்.

கிறீச்... கிறீச்...

யாரும் தள்ளாமல், ராட்டினம் வந்த வழியே திரும்பி அவளைப் பதமாகக் கீழே கொண்டுவந்து விட்டது.

குரல் எதுவும் கேட்கவில்லை என்று நந்தகோபால் சத்தியம் செய்தான். வந்த பத்துப் பேரும் அதையே சொன்னார்கள். மறுநாள் காலை கமலவேணி தனியாக ஆற்றுக்குப் போனாள். சர்தார் பாஷா ராட்டினத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"பாய், உனக்குக் கேட்டிச்சா?"

"கேட்டிச்சி." அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "போன மாசம் ஆம்பூர்ல உன்னாட்டமே ஒருத்தி வந்தா. புருஷனுக்குத் தெரியாம ஏறிட்டா. அவன் கீழருந்து எறங்குடின்னு கத்தினான். பயந்துனு உச்சியிலயே எந்திரிச்சிட்டா..."

"அந்த எதிர்த் தொட்டியா?"

தலையாட்டினார்.

"அன்னிலேருந்து அதுல ஆளு ஏத்தறதில்ல. மூட்டை மட்டுந்தான்."

அச்சாணியைக் கழற்றிக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பாவம்... அவளும் ஒரு சுத்து முழுசா சுத்தலம்மா."