அண்ணி எழுதாத விமர்சனம்

அண்ணி படம் பார்க்கும் விதமே தனி. திரையைப் பாதி நேரம்தான் பார்ப்பார். மீதி நேரம் ஓர இருக்கையில் உடம்பைத் திருப்பி உட்கார்ந்து, திரை வெளிச்சம் விழும் குழந்தைகளின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்தக் குழந்தை வாயைப் பிளந்தது, எது அம்மா மடிக்குத் தாவியது, எது செருப்பைக் கழற்றி விளையாட ஆரம்பித்தது என்பதெல்லாம் அவருக்கு வேண்டும். மழலையர் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்துத் தொண்டை கெட்டுப்போய் வேலையை விட்டவர், சனிக்கிழமைப் பத்திரிகையில் 'வீட்டோடு பார்க்க' என்ற பகுதியை எழுதிவந்தார். அவர் சரி என்றால் பெற்றோர்கள் வரிசையில் நிற்பார்கள். சரியில்லை என்றால் நாற்காலிகள்தான் படம் பார்க்கும்.

நான் அண்ணன் வீட்டு மாடியறையில் தங்கியிருந்த வருடம் அது. அண்ணியின் தம்பி ஒரு சின்ன கார்ட்டூன் நிறுவனத்தில் ஓவியன். காதில் எந்நேரமும் பென்சிலைச் செருகியிருப்பதால் எங்களுக்கு அவன் பெயரே பென்சில். கையால் வரைந்தே ஒரு முழுப்படம் எடுப்பது என்று அந்த நிறுவனம் பிடிவாதமாக நின்றது. தூக்கத்தைத் தொலைத்த இளவரசி அதைத் தேடிக் காட்டுக்குப் போகும் கதை. இது ஓடாவிட்டால் இழுத்து மூடிவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

"நாலு வரி நல்லதா எழுதுக்கா, போதும்" என்றான் பென்சில்.

"படத்த பாக்காமயே எப்படிடா எழுத?"

"பாத்துட்டு எழுது. நான் வரைஞ்சிருக்கேன்ல."

"அதான் எங்களுக்குப் பயமே" என்றார் அண்ணன். அவரைத் தவிர யாரும் சிரிக்கவில்லை.

அண்ணி எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். பத்திரிகையின் இன்னொரு விமர்சகர்; ஊழியர்கள் வைத்த பெயர் கத்தரி. அவர் பாராட்டிய படம் ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் அலுவலகத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பத்திரிகைக்காரர்களையும் அவர்களின் பிள்ளைகளையும் அழைத்திருந்த முன்காட்சிக்கு அண்ணி என்னையும் கூட்டிப்போனார். முதல் பாதியில் பேசும் ஆடு ஒன்று வந்து அரங்கையே குலுக்கிவிட்டது. பிறகு காடு. இளவரசி நடந்தாள், நடந்தாள், நடந்துகொண்டே இருந்தாள். இலைகளுக்கு நடுவே விழுந்த வெளிச்சம் அவள் தோளில் நழுவி முதுகில் இறங்கியது. நான் மூச்சை அடக்கிப் பார்த்தேன். அண்ணியிடம் ஏதோ சொல்லத் திரும்பினால், அவர் முதுகுதான் திரைக்குத் தெரிந்தது. பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து நின்று வாசல் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்துக் குழந்தை தண்ணீர் கேட்டது. கேட்டதைப் பார்த்து இன்னொன்றும் கேட்டது. அண்ணியின் முகம் சுருங்கிப்போயிருந்தது.

படம் முடிந்ததும் அண்ணி என்னோடு பேருந்து ஏறினார். நேராக அலுவலகத்துக்குப் போனார். என்னை நடைவழியில் நிற்கச் சொல்லிவிட்டு ஆசிரியர் அறைக்குள் நுழைந்தார். கதவு திறந்தே இருந்தது.

"அதுல வரைஞ்சவங்கள்ல ஒருத்தன் என் தம்பி சார். நான் எழுதக்கூடாது."

"பக்கம் முடியப்போற நேரத்துல வந்து சொல்றீங்களேம்மா." ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சரி விடுங்க, நம்ம இன்னொரு விமர்சகரும் படம் பாக்க வந்திருந்தாரே, அவர்கிட்ட குடுத்துடறேன்."

அன்று சாயங்காலம் விஷயம் கேட்ட பென்சில் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டான்.

சனிக்கிழமை காலை பத்திரிகையைப் பிரித்தோம். கத்தரி படத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருந்தார். காட்டில் ஒவ்வொரு இலையும் தனித்தனியாக மூச்சுவிடுகிறது என்று எழுதியிருந்தார். மதியம் பென்சில் கேக் பெட்டியோடு வந்தான்.

"ஊரே நடுங்கற ஆளு பாராட்டிட்டார். சொந்த அக்கா நைசா நழுவிட்டா." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பிறகு, "சரி, எழுதத்தான் இல்ல. என்கிட்டயாவது சொல்லு. எப்படி இருந்துச்சு?"

அண்ணி காய்ந்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லாருக்குன்னு சொல்லேன், வாய் தேஞ்சா போயிடும்?" என்றார் அண்ணன்.

"காட்டுல பிள்ளைங்க நெளிய ஆரம்பிச்சுட்டாங்கடா" என்றார் அண்ணி.

"அந்தக் காடு நான் வரைஞ்சது."

"தெரியும்."

"பிள்ளைங்கள விடு. அவ நடை எப்படி? அந்த வெளிச்சம் எப்படி?"

அண்ணி தட்டைக் கீழே வைத்தார்.

"நீ பாக்கவே இல்ல" என்றான் பென்சில்.

"எல்லாப் படத்தையும் நான் அப்படித்தானே பாப்பேன்."

"எல்லாப் படத்தையும் உன் தம்பியா வரைஞ்சான்?"

நான் பார்த்தேன், அழகாக இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரத்தில் அது துக்கம் விசாரிப்பதுபோல்தான் இருந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். பென்சில் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். கேக் பெட்டியை யாரும் பிரிக்கவில்லை.

கத்தரியின் பாராட்டை நம்பி முதல் இரண்டு நாள் கூட்டம் வந்தது. அதற்குப் பிறகு பிள்ளைகளே இன்னொரு முறை வேண்டாம் என்றுவிட்டார்கள் போலும். வாரத்தின் நடுவில் படத்தைச் சின்ன அரங்குக்கு மாற்றினார்கள். அடுத்த நாள் காலை தொலைபேசி அடித்தது. அண்ணி எடுத்ததும் பென்சிலின் குரல் எனக்கே கேட்டது.

"மத்த ஊருக்குப் போறதுக்குள்ள காட்டைக் குறைக்கணுமாம். எங்க வெட்டலாம்னு முதலாளி என்கிட்டயே கேக்கறார். பிள்ளைங்க எந்த இடத்துல எழுந்தாங்க?"

"திரையில அப்போ என்ன ஓடுச்சுன்னு எனக்குத் தெரியாதேடா."

 "அப்போ மதியக் காட்சிக்கு வா" என்றான்.

நான் அவர்களுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்தேன். பென்சில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அண்ணி, திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  ஆடு வந்தது, போனது. காடு தொடங்கியதும் அண்ணி கையைத் தூக்கித் தம்பியின் தோளுக்கு அருகே வைத்துக்கொண்டார். என் பக்கத்திலிருந்த சிறுமி இருக்கையில் சரிந்தாள். அண்ணி அவளையே பார்த்தார். சிறுமி கால்களை ஆட்டத் தொடங்கினாள். அண்ணியின் விரல்கள் ஒருமுறை மடங்கி விரிந்தன.

பிறகு அவன் தோளில் மெதுவாகத் தட்டினார். பென்சில் தலையை ஆட்டினான். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.